தாயார் குளத்துக்கு மேலே



கார்த்திகை மாத வளர்பிறைப் பஞ்சமியன்று திருச்சானூருக்குப் போய் வந்தவர்களிடம் அந்தக் கூட்டத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பத்மாவதி தாயாரின் ஒன்பது நாள் பிரம்மோற்சவம் அன்றோடு நிறைவடைகிறது. திருமலையிலிருந்து பெருமாள் அனுப்பும் சீர், பட்டும் மஞ்சளும் குங்குமமுமாக, யானை மேல் ஊர்வலமாக வந்து சேரும். சக்கரத்தாழ்வார் கோயில் குளமான பத்ம சரோவரத்தில் நீராடும் அந்த நொடியில் தாங்களும் முழுக்குப் போட வேண்டும் என்று லட்சக்கணக்கானவர்கள் காத்திருப்பார்கள். பஞ்சமி தீர்த்தம். நம் வேலூர், சென்னைப் பக்கத்திலிருந்து ராத்திரியே பஸ் ஏறிப் போய் உட்கார்ந்திருப்பவர்களும் உண்டு.

அந்தக் குளத்துக்கு மேலே, யாருடையது என்று தெரியாத ஒரு ட்ரோன் வந்து நின்றால்? இன்றைக்கு அதைத்தான் பேசப் போகிறேன்.

திருமலையில் இது நடந்தே இருக்கிறது. 2023 ஜனவரியில், கோயிலை மேலிருந்து எடுத்ததாகச் சொல்லப்பட்ட காணொளி ஒன்று இணையத்தில் பரவிப் பெரிய சர்ச்சையானது. 2025 ஏப்ரலில், வெளிமாநிலத்து யூடியூபர் ஒருவர் கோயிலுக்குப் பக்கத்திலேயே ட்ரோன் பறக்கவிட்டுப் பிடிபட்டார். கருவறைக் கோபுரமான ஆனந்த நிலைய விமானத்துக்கு மேலே எதுவும் பறக்கக் கூடாது என்பது ஆகமம் அறிந்தவர்கள் சொல்வது. திருமலையைப் பறக்கத் தடை செய்யப்பட்ட பகுதியாக அறிவிக்கக் கோரி, 2025 மார்ச்சில் திருமலை திருப்பதி தேவஸ்தானத் தலைவர் பி.ஆர். நாயுடு மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சர் ராம்மோகன் நாயுடுவுக்குக் கடிதமும் எழுதினார்.

ஆனாலும் திருமலைக்கு ஒரு வசதி இருக்கிறது. மேலே போகிற வண்டி எல்லாம் மலையடிவாரத்து அலிபிரியில் நின்று, பெட்டியைத் திறந்து காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். அந்தச் சோதனையைத் தாண்டியும் ட்ரோன் உள்ளே போயிருக்கிறது என்பது வேறு விஷயம். திருச்சானூரில் அப்படி ஒரு வாசலே கிடையாது. கோயிலைச் சுற்றி வீடு, விடுதி, கல்யாண மண்டபம், கடைத்தெரு. எந்த மொட்டை மாடியிலிருந்தும் ஒரு நிமிடத்தில் ட்ரோனைக் குளத்துக்கு மேலே கொண்டு வந்து நிறுத்திவிடலாம். என் கணக்கில் மலைக்கு மேலே இருப்பதைவிடக் கவலைப்பட வேண்டிய இடம் கீழே இருக்கும் தாயார் சந்நிதிதான். அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு.

வெடிகுண்டு வந்துவிடுமோ என்றுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். 2021 ஜூன் 27 அன்று ஜம்மு விமானப்படைத் தளத்தில் ட்ரோன் மூலம் குண்டு போட்ட பிறகு அதை வெறும் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. ஆனால் திருவிழாவிலும் விளையாட்டு மைதானத்திலும் அதற்கு முன்னால் நிற்கிற ஆபத்து வேறு.

2014 அக்டோபர் 14, பெல்கிரேடு நகரம். செர்பியாவும் அல்பேனியாவும் மோதிய கால்பந்துப் போட்டி. முதல் பாதி முடியும் முன்பே ஒரு சின்ன ட்ரோன் மைதானத்துக்கு மேலே வந்தது. அதில் தொங்கியது ஒரு கொடி, அவ்வளவுதான். செர்பிய வீரர் ஒருவர் எட்டி அதைப் பிடித்து இழுத்தார். அல்பேனிய வீரர்கள் பாய்ந்தார்கள், பார்வையாளர்கள் உள்ளே இறங்கினார்கள், நாற்காலி பறந்தது. ஆட்டம் கைவிடப்பட்டு, வழக்கு சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் வரைக்கும் போனது. அத்தனைக்கும் காரணம் ஒரு துணி.

அடுத்த வருடமே, டிசம்பர் 22 அன்று, இத்தாலியில் பனிச்சறுக்குப் போட்டி ஒன்றைப் படம் பிடித்துக்கொண்டிருந்த ட்ரோன், சறுக்கி வந்த மார்செல் ஹிர்ஷர் என்ற வீரரின் முதுகுக்குப் பின்னால் விழுந்து நொறுங்கியது. அது திருட்டு ட்ரோன் இல்லை, ஒளிபரப்புக்காக அனுமதி வாங்கிக் கொண்டுவந்ததுதான். அனுமதி வாங்கினால் மட்டும் விழாமல் இருக்குமா?

100 அடி உயரத்திலிருந்து விழும் ட்ரோன், காற்று தடுக்காவிட்டால் மணிக்கு 85 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தோடு வந்து மோதும். கனமான ட்ரோனைக் காற்று அதிகம் தடுத்துவிடாது. லித்தியம் பேட்டரி உடைந்தால் தீயும் பிடிக்கலாம். அடிபடுவது ஒருவரோ இருவரோதான். ஆனால் ஈரப் படிக்கட்டில் தோளோடு தோள் உரசி நிற்கிற கூட்டத்தில் அந்த இருவர் அலறினால், பின்னால் இருக்கும் ஆயிரம் பேருக்கு என்ன நடந்தது என்று தெரியாது, ஓடுவார்கள். 2025 ஜனவரி 8 அன்று திருப்பதியில், வைகுண்ட வாசல் தரிசன டோக்கனுக்காகக் காத்திருந்த இடத்தில் நெரிசலில் 6 பேர் இறந்தார்கள். அங்கே ட்ரோனும் இல்லை, குண்டும் இல்லை.

சரி, சுட்டு வீழ்த்திவிடலாமே என்பீர்கள். அடிக்கலாம். அடித்தது எங்கே விழும்? செங்கோட்டைச் சுதந்திர தின விழாவுக்கு நிறுத்துகிற கருவியை டி.ஆர்.டி.ஓ. வடிவமைத்தது, பாரத் எலக்ட்ரானிக்ஸ் தயாரிக்கிறது. ரேடாராலும் கேமராவாலும் ட்ரோனைக் கண்டுபிடித்து, ரிமோட்டுக்கும் ட்ரோனுக்கும் நடுவில் உள்ள அலைவரிசையை அது முடக்கும். தேவைப்பட்டால் லேசரால் சுடும். லேசர் குளத்தங்கரைக்கு ஆகாது. அலைவரிசையை முடக்கினால் பெரும்பாலான ட்ரோன்கள் கிளம்பிய இடத்துக்கே திரும்பிவிடும், இல்லையென்றால் நின்ற இடத்திலேயே இறங்கும். செயற்கைக்கோள் வழிகாட்டுதலையும் சேர்த்து முடக்கினால் காற்று போகிற பக்கம் மிதக்கும். அந்த முடக்கத்தில் போலீஸ் பறக்கவிட்ட ட்ரோனும் மாட்டிக்கொள்ளலாம். முன்கூட்டியே பாதையைப் பதிந்து, ரிமோட் இல்லாமலே அனுப்பிய ட்ரோனுக்கு அலைவரிசையை மட்டும் முடக்கிப் பயனில்லை. ஆகவே கருவியை வாங்கி வைத்துவிட்டோம் என்று யாரும் நிம்மதியாகத் தூங்க முடியாது.

அப்படியானால் வேலையைத் தரையில்தான் பார்க்க வேண்டும். அதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகளின்படி, அவசரத் தேவை என்றால், மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி ஓர் இடத்தைத் தற்காலிகச் சிவப்பு மண்டலமாக, அதாவது ட்ரோன் பறக்கக் கூடாத பகுதியாக, அறிவிக்கலாம். ஒரு தடவைக்கு 96 மணி நேரம்தான் செல்லும். பிரம்மோற்சவம் ஒன்பது நாள், அதாவது 216 மணி நேரம். மூன்று தடவை அறிவித்தால்தான் முழுத் திருவிழாவும் அடங்கும். நடுவில் ஒருநாள் மறந்துவிட்டால் வானம் திறந்துவிடும். இதைத் திருவிழாப் பத்திரிகை அச்சிடும்போதே தேதி குறித்து எழுதி வைத்துவிடலாம்.

ரேணிகுண்டா விமான நிலையமும் பக்கத்தில் இருக்கிறது. விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரை, 200 அடிக்கு மேல் பறக்க விமானக் கட்டுப்பாட்டு அறையின் அனுமதி வேண்டும். திருச்சானூர் ஏறக்குறைய அந்த வளையத்துக்குள் வருகிற ஊர். கல்யாண வீடியோ எடுக்கிற எத்தனை பேருக்கு இது தெரியும்? மாட்டுகிறவர்களில் பலர் சதிகாரர்கள் இல்லை. தாயார் யானை வாகனத்தில் வருவதை மேலிருந்து எடுத்தால் லைக் குவியும் என்று நினைக்கிற பையன்கள். அவர்களைப் பிடித்த பிறகு வழக்குப் போடுவதைவிட, கிளம்புவதற்கு முன்பே தடுப்பது சுலபம். விடுதியிலும் மண்டபத்திலும் அறைச் சாவி கொடுக்கும்போதே, தெலுங்கிலும் தமிழிலும் அச்சடித்த ஒரு சீட்டைக் கையில் கொடுத்துவிடலாம். உயரமான மாடிகளில் ஆள் நிறுத்தலாம். ரிமோட்டின் அலையை வைத்து, இயக்குகிறவர் நிற்கும் இடத்தைக் காட்டும் கருவிகள் உண்டு. ட்ரோனை வீழ்த்தும் கருவிக்கு முன்னால் வாங்க வேண்டியது அதைத்தான்.

அடுத்து, மைக். பஞ்சமி தீர்த்தத்தின் புண்ணியம் அன்று முழுவதும் குளத்தில் இருக்கும், அவசரப்பட வேண்டாம் என்று தேவஸ்தானம் அறிவித்து வருகிறது. கூட்டத்தைத் தணிக்க இதைவிட நல்ல அறிவிப்பை நான் கேட்டதில்லை. இப்போது போலீஸே கூட்டத்தைக் கண்காணிக்க ட்ரோன் விடுவதால், மேலே தெரிவது யாருடையது என்று ஜனங்களுக்குக் குழப்பம் வரும். "மேலே பறப்பது நம் ட்ரோன்தான், யாரும் நகர வேண்டாம்" என்று தமிழிலும் சேர்த்துச் சொல்ல ஓர் ஆள் அந்த மைக்கில் இருக்க வேண்டும்.

போகிற நேயர்களுக்கும் இரண்டு வார்த்தை. ட்ரோன் வைத்திருந்தால் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். விதி மீறினால் அபராதமே ஒரு லட்சம் ரூபாய் வரை போகும், வழக்கு தனி. குளத்தில் நிற்கும்போது தலைக்கு மேலே ஒன்றைக் கண்டால் கையை நீட்டிக் கத்தாதீர்கள். அப்படியே நின்று, பக்கத்தில் இருக்கும் போலீஸ்காரரிடமோ தன்னார்வலரிடமோ காதோடு சொல்லுங்கள். கரையில் இருந்தால் 112-ஐக் கூப்பிடுங்கள்.