ஒப்பந்தச் செய்தியும் ஊர்க் கணக்கும்



தொழில்நுட்பச் செய்தி நாளிதழின் ஓர் ஓரத்தில் அடங்கிக் கிடந்த காலம் கடந்துவிட்டது. மின்சாரம், தொலைத்தொடர்பு, கடற்போக்குவரத்து, மீன்பிடி, கல்வி என்று வாழ்வின் ஒவ்வொரு துறையிலும் எது மாறப்போகிறது, அம்மாற்றத்தை யார் தீர்மானிக்கிறார், அதன் செலவை யார் சுமக்கிறார் என்பவற்றை முன்கூட்டியே எடுத்துரைக்கும் பொறுப்பு இன்று அச்செய்திக்கு உண்டு. அந்தப் பொறுப்பு எவ்வளவு நிறைவேறுகிறது என்பதை அளந்தறியப் பெருநகரங்களைத் தேடிப் போகவேண்டியதில்லை. யாழ்ப்பாணத்தின் தீவகத்தைச் சேர்ந்த நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளின் மின்சாரத்தைப் பற்றி 2021 முதல் வெளிவந்த செய்திகளே போதும். அச்செய்திகளில் தீவுகளின் பெயர் இருந்தது, தீவு மக்களின் வாழ்வு இல்லை என்பதும், அக்குறையைத் தீர்க்கும் பணி இம்மண்ணின் பொது நிறுவனங்களையே சாரும் என்பதும் இவ்வுரையின் கருத்து.

முதலில் நடந்தவற்றை வரிசைப்படுத்துவது தகும். இம்மூன்று தீவுகளும் நாட்டின் பொது மின்கட்டமைப்போடு இணைக்கப்படாதவை; கடல் கடந்து படகில் வரும் டீசலைக் கொண்டே அங்கு மின்பிறப்பாக்கிகள் இயங்கி வந்துள்ளன. இந்நிலையை மாற்ற, ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியுதவியோடு சூரிய ஒளியையும் காற்றையும் பயன்படுத்தும் திட்டமொன்று வகுக்கப்பட்டு, 2021 ஜனவரியில் சினோசார்–ஈடெக்வின் என்ற சீனக் கூட்டு நிறுவனத்திடம் அப்பணியை ஒப்படைக்க இலங்கை அமைச்சரவை இசைந்தது. நெடுந்தீவு இராமேசுவரத்திலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீற்றர் தூரத்தில் இருப்பதால் இந்தியா தன் கவலையைத் தெரிவித்தது. அதே பணியைக் கடனாக இன்றி நன்கொடையாகவே செய்துதர முன்வந்தது. 2021 டிசம்பரில், மூன்றாம் தரப்பொன்றின் பாதுகாப்புக் கவலையால் திட்டம் இடைநிறுத்தப்பட்டதாகக் கொழும்பிலுள்ள சீனத் தூதரகம் அறிவித்தது. 2022 மார்ச்சில் இந்திய வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கரின் வருகையின்போது புரிந்துணர்வு உடன்படிக்கை கையொப்பமானது. 2024 மார்ச் 1 அன்று, 11 மில்லியன் அமெரிக்க டொலர் இந்திய நன்கொடையில், பெங்களூரைச் சேர்ந்த யூ சோலார் நிறுவனத்துடன் ஒப்பந்தம் எழுதப்பட்டது.

இந்த ஒவ்வொரு கட்டமும் பெருஞ்செய்தி ஆயிற்று. டில்லியும் பெய்ஜிங்கும் கொழும்பும் பாக்கு நீரிணையில் யாருடைய செல்வாக்கு ஓங்குகிறது என்று கணக்கிட்டன. ஆய்வாளர்கள் வரைபடங்களை விரித்து விளக்கினர். அரசுகளுக்குப் பாதுகாப்புக் கவலை இருப்பது இயல்பே. அதைப் பேசுவது செய்தியாளரின் கடமையுமாகும். ஆயினும் முதல் அமைச்சரவை முடிவுக்கும் இறுதி ஒப்பந்தத்துக்கும் இடையில் கழிந்த மூன்று ஆண்டுகளுக்கும் மேற்பட்ட காலத்தில், நாட்டை உலுக்கிய 2022ஆம் ஆண்டு எரிபொருள் தட்டுப்பாடும் அடங்கியிருந்தது என்பதை அந்த வரைபடங்கள் காட்டவில்லை. வடபுல மீனவர் மண்ணெண்ணெய்க்காக வரிசையில் நின்ற அதே ஆண்டில், எரிபொருளின் தேவையைக் குறைக்கவல்ல திட்டமொன்று மூன்று தீவுகளுக்கும் காகிதத்தில் மட்டுமே இருந்தது. தாமதத்தின் விலையைக் கொடுத்தவர் யார் என்பது அந்தச் செய்தியின் பாதி; அந்தப் பாதி எழுதப்படாமலே போயிற்று.

ஒப்பந்தத்தில் அறிவிக்கப்பட்ட அளவுகளை எடுத்துக்கொண்டால், எழுதப்படாதது இன்னும் தெளிவாகும். மூன்று தீவுகளுக்கும் சேர்த்துக் காற்றாலை 530 கிலோவாட், சூரியத்தகடுகள் 1,700 கிலோவாட், சேமிப்பு மின்கலம் 2,400 கிலோவாட் மணி, தயார்நிலை டீசல் மின்பிறப்பாக்கி 2,500 கிலோவாட் என்பன அவ்வளவுகள். பல மூலங்களிலிருந்து வரும் மின்சாரத்தை ஒரே கட்டுப்பாட்டின்கீழ் இணைத்து வழங்குவதால் இது கலப்பு மின்முறை எனப்படும். கிலோவாட் என்பது மின்சாரம் எவ்வளவு விரைவாக வழங்கப்படுகிறது என்பதன் அளவு. கிலோவாட் மணி என்பது மொத்தமாக எவ்வளவு வழங்கப்பட்டது, அல்லது சேமிக்கப்பட்டது என்பதன் அளவு. துலாவால் நிமிடத்துக்கு எத்தனை பட்டை நீர் இறைக்கலாம் என்பது முன்னதற்கும், தொட்டி எத்தனை பட்டை நீர் கொள்ளும் என்பது பின்னதற்கும் ஒப்பாகும்.

இவ்விரண்டையும் பிரித்தறிந்த வாசகர் தாமே சில உண்மைகளைக் கண்டுகொள்ளலாம். நல்ல வெயில் நாளில் சூரியத்தகடுகள் நான்கு மணி நேர முழு வலுவுக்கு நிகராக உழைத்தால் ஏறத்தாழ 6,800 கிலோவாட் மணி மின்சாரம் கிடைக்கும். மின்கலம் அதில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டிய அளவையே சேமிக்க வல்லது. ஆகவே வெயிலில் பெற்றதில் பெரும்பகுதி வெயில் உள்ளபோதே பயன்பட்டாக வேண்டும். டீசல் இயந்திரங்களின் முழு வலுவுக்கும் மின்கலம் ஒன்றே ஈடுகொடுக்க நேர்ந்தால், கணக்கின்படி அது ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. தேவை 400 கிலோவாட் அளவில் இருக்கும் இரவில் ஆறு மணி நேரம் தாங்கும். சோளகக் காற்று வீசும் மாதங்களில் காற்றாலை நன்கு உழைக்கும். பருவங்கள் மாறும் இடைக்காலத்தில் அது தளரும். மாரிமழைக் காலத்தில் முகில் வெயிலை மறைக்கும். எனவே டீசலின் பங்கு குறையும், முற்றாக நீங்காது என்பதே இவ்வெண்கள் சொல்லும் செய்தி. இது திட்டத்தின் குறையன்று. இத்தகைய முறைகளின் இயல்பு. முழுவதும் பசுமை என்ற வாழ்த்துரையும் வீண்முயற்சி என்ற வசையும் இவ்வெண்களின்முன் நில்லா.

எண்ணைத் தாண்டி எழும் கேள்விகள் இன்னும் கனமானவை. உவர்க்காற்றில் இரும்பு விரைவில் துருப்பிடிக்கும் இத்தீவுகளில் காற்றாலைகளைப் பேணப்போவது யார்? குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் படகு ஓடமுடியாத கொந்தளிப்பான நாட்களில் ஒரு கருவி பழுதுபட்டால், அதைத் திருத்தத் தெரிந்தவர் தீவிலேயே இருப்பாரா? ஆயுள் முடிந்த மின்கலங்கள் எங்கே கொண்டுசெல்லப்படும்? அவற்றுக்குப் பதிலாகப் புதியவை வாங்கும் நிதி, நன்கொடை தீர்ந்தபின் எங்கிருந்து வரும்? சூரிய ஒளி, காற்று, மின்கலம் ஆகியவற்றை இணைக்கும் சிறிய முறையொன்று எழுவைதீவில் ஏற்கெனவே அமைக்கப்பட்டிருப்பதால், இவற்றுக்கு விடை தேட வெளிநாடு செல்லவேண்டியதில்லை. அடுத்த தீவின் பட்டறிவே முதல் பாடநூல். எனினும் பாக்கு நீரிணையின் அரசியலைப் பற்றி எழுதப்பட்ட பக்கங்களோடு ஒப்பிட்டால், எழுவைதீவில் கற்றது என்ன என்று பொதுமக்களுக்காக எழுதப்பட்டது மிகச் சொற்பம்.

அவையோரே! செய்தி தன் பொருளைத் தவறவிடுவதற்கு மற்றோர் எடுத்துக்காட்டு 2025 பெப்ரவரி 9. அன்று ஞாயிற்றுக்கிழமை, முற்பகலில் நாடளாவிய மின்தடை ஏற்பட்டது. பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கொன்று புகுந்ததே காரணம் என்று எரிசக்தி அமைச்சர் கூறியதும், அச்செய்தி நகைச்சுவையாகி உலகைச் சுற்றி வந்தது. குரங்கு ஒரு பொறியைத்தான் ஏற்படுத்தியது. நாடு முழுவதும் இருண்டதன் விளக்கம் வேறிடத்தில் உள்ளது. நீர்மின் நிலையங்களிலும் அனல்மின் நிலையங்களிலும் சுழலும் கனத்த இயந்திரங்கள், திடீர் அதிர்ச்சி வரும்போது தம் சுழற்சியின் வலிமையாலேயே சில கணங்கள் கட்டமைப்பைத் தாங்கிநிற்கும். இப்பண்பைச் சடத்துவம் என்பர். சூரியத்தகட்டில் சுழலும் பகுதி எதுவும் இல்லை. தொழிற்சாலைகள் ஓய்ந்திருந்த அந்த ஞாயிறு முற்பகலில் தேவை குறைந்தும் சூரிய மின்சாரத்தின் பங்கு மிகுந்தும் இருந்தமையால், கட்டமைப்பின் சடத்துவம் குன்றியிருந்தது என்று மின்சார சபை பின்னர் விளக்கியது. நகைச்சுவை சென்ற தூரத்தில் சிறு பங்கைக்கூட இவ்விளக்கம் சென்றடையவில்லை.

தனியாக இயங்கும் தீவு மின்பிறப்பாக்கிகளை அந்தத் தடை நேரடியாகத் தொடவில்லை எனினும், அதன் பாடம் தீவகத்துக்கே மிக நெருக்கமானது. பரந்த நாட்டில் ஓரிடத்தில் முகில் மூடினால் வேறிடத்தில் வெயில் இருக்கும். சிறு தீவொன்றின்மேல் ஒரு முகில் கடந்தால் எல்லாத் தகடுகளும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் தளர்ந்துவிடும். அக்கணத்தில் மின்கலமும் கட்டுப்பாட்டுக் கருவியும் பிசகின்றி இயங்கினால்தான் விளக்கு அணையாது. பாணந்துறைச் செய்தியை முறையாக விளக்கியிருந்தால், நெடுந்தீவின் வாசகர் தம் ஊர்த் திட்டத்தின் உயிர்நாடி எது என்பதை அன்றே அறிந்திருப்பார்.

காலந்தாழ்ந்து வரும் செய்தியின் கேட்டை யாழ்ப்பாணக் குடாநாடு சுன்னாகத்தில் அனுபவித்தது. மின்நிலையச் சூழலில் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்த பிறகு, மக்கள் வீதிக்கு இறங்கிப் போராடிய பின்னரே அது பெரிய செய்தியாயிற்று. அங்கு இயங்கிய தனியார் மின்னுற்பத்தி நிறுவனம் 20 மில்லியன் ரூபா இழப்பீடு வழங்கவேண்டும் என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது 2019 ஏப்ரலில். சுண்ணாம்புக்கல் நிலத்தில் மேலே சிந்தியது கீழே இறங்க நெடுங்காலம் எடுக்காது. நெடுந்தீவின் நிலமும் அத்தகையதே; அங்கே நன்னீர் மெல்லிய படலமாக உவர்நீரின்மேல் மிதக்கிறது. ஆதலால் டீசலைக் குறைக்கும் எந்தத் திட்டமும் மின்சாரத்தைப் போலவே குடிநீரையும் பற்றியது. இந்த உறவையும் செய்திகள் எடுத்துக்காட்டியதில்லை.

செய்மதி இணையம் பற்றிய பேச்சிலும் இதே குறை தென்படுகிறது. ஸ்டார்லிங்க் சேவை 2025 ஜூலையில் இலங்கையில் தொடங்கியபோது, தொலைதூரத் தீவுகளுக்கு இனி விடிவு என்று எழுதப்பட்டது. பூமிக்கு அண்மையில் சுற்றிவரும் ஆயிரக்கணக்கான சிறு செய்மதிகளிலிருந்து வீட்டுக் கூரைத் தட்டு ஒன்றின் வழியே இணையத்தைப் பெறும் இம்முறை, அலைபேசிக் கோபுரம் எட்டாத இடத்துக்குப் பயன்படும் என்பதில் ஐயமில்லை. அதன் மாதக் கட்டணம் சாதாரண கடற்றொழிலாளர் குடும்பத்துக்கு எட்டாது என்பதும் அதேயளவு உண்மை. சேவையின் கட்டுப்பாடு எவர் கையில் உள்ளது என்பதும் எண்ணத்தக்கது. 2018 மார்ச், 2019 ஏப்ரல், 2022 ஏப்ரல் ஆகிய மூன்று வேளைகளிலும் இந்நாட்டில் சமூக ஊடகங்கள் அரசாணையால் முடக்கப்பட்டன. நெடுந்தீவில் இன்றும் காணப்படும் பழைய புறாக்கூடு, ஆட்சியாளர் தமக்குள் செய்தி அனுப்பக் கட்டியது என்று சொல்லப்படுகிறது. செய்திச் சாதனம் ஊரில் நிற்பதனாலேயே அது ஊருக்கு உரியதாகிவிடுவதில்லை.

இவற்றையெல்லாம் கேட்டுத் தொழில்நுட்பத்தின்மேல் வெறுப்புக் கொள்வதற்கு இடமில்லை; இம்மண்ணின் வரலாறும் அதற்கு எதிரானது. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் மின்சாரமும் மின்கலமும் இல்லாத யாழ்ப்பாணம், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டது. ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகளைப் படிக்கவைத்தது. பெற்றோல் கிடைக்காத வாகனங்களை மண்ணெண்ணெயில் ஓடப் பழக்கியது. அதற்கும் முன்னர், 1847இல் வந்து மானிப்பாயில் பணியாற்றிய மருத்துவர் சாமுவேல் கிறீன், மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, தமிழிலேயே நூல்களாக்கினார். கருவியைக் கையாளும் திறனும் அறிவைத் தாய்மொழியில் விளக்கும் மரபும் இங்கே வேரூன்றியவை. இன்று அவ்விரண்டும் ஒன்றுசேரும் இடம் மட்டுமே குறைவு.

அவ்விடம் சனசமூக நிலையமாக இருக்கட்டும். நாளிதழ் வாசிப்பதற்கென்றே ஊர் மக்கள் தம் கைப்பொருளால் எழுப்பிய நிறுவனம் அது. அங்கே வாசிப்பு உண்டு, இனிப் பதிவும் வேண்டும். மின்தடை எந்நாளில் எத்தனை மணி நேரம் நீடித்தது, கருவி பழுதுபட்டால் திருத்த எத்தனை நாள் ஆயிற்று, அலைபேசித் தொடர்பு எப்போது அறுந்தது, படகு எப்போது நின்றது என்பவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்தால், ஓராண்டில் எந்தத் தலைநகர ஆய்வாளரிடமும் இல்லாத சான்று தீவு மக்களின் கையில் இருக்கும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம், ஒப்பந்தத்தின் பராமரிப்பு விதிகளையும் டீசல் செலவையும் கேட்டுப்பெறும் வழியைக் குடிமக்களுக்குத் திறந்துள்ளது. நெடுந்தீவு, வேலணை, ஊர்காவற்றுறைப் பிரதேச சபைகளின் உறுப்பினர்கள் அப்பணியில் முன்நிற்கலாம். பாடசாலை அறிவியல் ஆசிரியர்கள் அவ்வெண்களை மாணவர்க்குப் பாடமாக்கலாம். எழுத்தாளர்கள் அவற்றைக் கட்டுரையாக்கலாம். கனடாவிலும் பிரான்சிலும் சுவிற்சர்லாந்திலும் வாழும் தீவக உறவுகள், கோயில் திருவிழாவின் நேரலையைப் பார்ப்பதுபோலவே இக்கணக்கையும் பார்க்கவேண்டும் என்று கேட்கும் உரிமை ஊருக்கு உண்டு. ஊருக்கு அவர்கள் அனுப்பும் பணத்தில் ஒரு பங்கு, தீவின் இளையோர் மின்பராமரிப்புத் தொழிலைக் கற்பதற்குச் செலவானால் அது நெடுநாள் நிலைக்கும்.

கையொப்பமாகும் நாளைத் தலைநகரங்கள் மறவாமல் எழுதிவிடும். அந்த வேலையைத் தீவகம் செய்யவேண்டியதில்லை. கையொப்பத்துக்குப் பின் வரும் ஆண்டுகளின் வரவையும் குறையையும் எழுதக்கூடியவர் அங்கு வாழ்பவர் மட்டுமே. அந்தக் கணக்கு இருந்தால், அடுத்த முறை எந்த நாடு எந்தத் திட்டத்தோடு வந்தாலும், தீவக மக்கள் அதைக் கேட்டுக்கொண்டிருப்பவராக மட்டும் இராமல், நிபந்தனை விதிக்கும் தரப்பாகப் பேச்சு மேசையில் அமர்வர். அதற்கான முதல் குறிப்பேட்டை இவ்வாண்டிலேயே திறக்கவேண்டும் என்ற தீர்மானத்தை இவ்வவையின்முன் வைத்து இவ்வுரை நிறைவுபெறுகிறது.