உடம்பை விட்டு எங்கே போவது?

(மாணவர் பயிலரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை கூடியவரை அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



காலையிலிருந்து நிலவுரிமை, வன்கொடுமைச் சட்டம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். மத்தியானம் ஒருத்தன் வந்து 'உயிர் உடம்பை விட்டு வெளியே போவது' பற்றிப் பேசுகிறானே என்று உங்களுக்குத் தோன்றலாம். காரணம் இருக்கிறது. போன மாதம் ஒரு கல்லூரி விடுதியில் பேசிவிட்டுக் கிளம்பும்போது ஒரு தம்பி தனியாகக் கூப்பிட்டான். "அண்ணே, படுத்திருக்கும்போது நான் என் உடம்பை விட்டு மேலே போயிட்றேன். கீழே நான் படுத்திருக்கிறது எனக்கே தெரியுது. தியான வகுப்புல சூட்சும சரீரம் கழலுதுன்னு சொல்றாங்க. நீங்க பகுத்தறிவு பேசுறவர், பொய்யின்னுதான் சொல்வீங்க" என்றான். நான் பொய் என்று சொல்லவில்லை. எனக்கும் நடந்திருக்கிறது என்றேன். அதற்குள் பஸ் வந்துவிட்டது. மீதியை இங்கே சொல்கிறேன்.

1994இல் எங்கள் ஊர் டீக்கடையில் இரட்டைக் குவளையை எதிர்த்து உட்கார்ந்தோம். அன்று ராத்திரி நான்கு பேரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். எந்த ஸ்டேஷன் என்பது இங்கே முக்கியமில்லை. என்னைக் குப்புறப் போட்டு, காலைப் பெஞ்சில் ஏற்றி, உள்ளங்காலில் அடித்தார்கள். எத்தனையாவது அடி என்று தெரியாது, திடீரென்று வலி நின்றுபோனது. நான் மேலே இருந்தேன். டியூப்லைட்டுக்குப் பக்கத்தில். கீழே ஒருத்தன் கிடந்தான். அவனை அடித்துக்கொண்டிருந்தார்கள். 'பாவம், யார் பெத்த பிள்ளையோ' என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். நான்கு போலீஸ்காரர்கள் நின்றார்கள். மூலையில் ஒரு பீரோ. அதன் தலையில் சிவப்புத் துணியில் கட்டிய ஒரு மூட்டை, தூசி படிந்து. இதையெல்லாம் உங்களை இப்போது பார்ப்பதுபோல் பார்த்தேன்.

அதன்பிறகு தூக்கம் போய்விட்டது. விடியற்காலையில் விழிப்பு வரும், கைகால் அசையாது, நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் ஆயா அதை அமுக்குவான் பேய் என்பார். சில நாள் அப்படியே மிதந்து மேலே போவேன். ஒரு நண்பர் பக்கத்து டவுனில் ஒரு தியான மன்றத்துக்கு அழைத்துப் போனார். அங்கிருந்த குரு நான் சொன்னதைக் கண்ணை மூடிக் கேட்டார். "உனக்குப் பூர்வ புண்ணியம் இருக்கிறது. வருஷக்கணக்கில் சாதகம் செய்கிறவர்களுக்கே சூட்சும சரீரம் இவ்வளவு சுலபமாகப் பிரியாது" என்றார்.

ஒளிக்காமல் சொல்கிறேன், எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. பிறந்ததிலிருந்து என் உடம்பைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். தொட்டால் தீட்டு என்றார்கள், அடிக்கலாம் என்றார்கள், மூட்டை ஏற்றலாம் என்றார்கள். முதல் தடவையாக ஒரு மேல்சாதிக்காரர், நீ அந்த உடம்பு இல்லை என்று சொல்கிறார். யாருக்குத்தான் பிடிக்காது? நம் பிள்ளைகள் இந்த இடங்களுக்குப் போவதை மூடநம்பிக்கை என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுகிறோம். அந்த ஆசை எங்கிருந்து வருகிறது என்று நாம் கேட்பதில்லை.

இரண்டு வருஷம் அங்கே இருந்தேன். ஒருநாள் ஸ்டேஷனில் நடந்ததைப் பற்றிக் கேட்டேன். "அடிபட்டது உடம்பு, நீ அல்ல. அது கர்மம் கழிந்தது. அடித்தவனை மன்னித்துவிடு, கேஸை விட்டுவிடு" என்றார். அன்று சாயந்தரம் சமையல்கட்டில் என் டம்ளரை நானே கழுவித் தனியாகக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு வருஷமாக அப்படித்தான் செய்துகொண்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. ஆன்மாவுக்குச் சாதி இல்லையாம், டம்ளருக்கு மட்டும் இருந்தது.

அப்போதுதான் சோதித்துப் பார்க்கத் துணிந்தேன். அறைத் தோழனிடம், ஒரு தாளில் மூன்று இலக்க எண்ணை எழுதிப் பரண்மேல் வைக்கச் சொன்னேன். மிதந்த நாளில் எல்லாம் போய்ப் படித்தேன். எண் தெளிவாகத் தெரிந்தது. பதினொரு தடவை படித்தேன், பதினொரு தடவையும் வேறு வேறு எண். ஒன்றுகூடச் சரியில்லை. குருவிடம் சொன்னால், சோதிக்கிறவனுக்குச் சித்தி கிட்டாது என்றார். எந்தச் சோதனைக்கும் பிடிபடாத பதில் அது. ஜாதகக்காரரும் அதைத்தான் சொல்கிறார்.

இதில் நான் தனி ஆளில்லை. இங்கிலாந்தில் சூசன் பிளாக்மோர் என்ற பெண்மணிக்கு 1970இல், மாணவியாக இருந்தபோது, இதே அனுபவம் வந்தது. கூரைகளுக்கு மேலே பறந்ததாக உணர்ந்தார். பிறகு போய்ப் பார்த்தால், பார்த்த கூரையும் இருந்த கூரையும் ஒத்துவரவில்லை. ஆவியை நிரூபிக்க ஆராய்ச்சிக்குள் போனவர், பல வருஷம் தேடிக் கிடைக்காமல் சந்தேகவாதியாக வெளியே வந்தார்.

2002இல் ஜெனீவாவில் வலிப்பு நோய்க்கு சிகிச்சை பெற்ற ஒரு பெண்ணின் மூளையில், வலது பக்கம், காதுக்குச் சற்று மேலே பின்புறமாக ஒரு இடத்தில் ஓலாஃப் பிளாங்கேயின் குழு லேசாக மின்சாரம் செலுத்தியது. தான் மேலே இருந்து படுக்கையில் தன்னையே பார்ப்பதாக அவர் சொன்னார். காலும் இடுப்புக்குக் கீழும் மட்டும்தான் தெரிந்ததாம். மின்சாரத்தை நிறுத்தினால் அனுபவமும் நின்றது. நாம் எங்கே இருக்கிறோம் என்பதைக் கண், காது, தசை எல்லாம் சொல்லும் சேதியைக் கோத்து மூளை கணக்குப் போடுகிறது. கணக்குத் தப்பினால் இடம் தப்புகிறது. அமுக்குவானும் அப்படித்தான். கனவு வரும் தூக்கத்தில் தசைகள் செயல்படாமல் கட்டுண்டு கிடக்கும். கட்டு அவிழ்வதற்குள் விழிப்பு வந்தால் நெஞ்சில் பேய்.

இதயம் நின்று பிழைத்தவர்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு 2014இல் வெளிவந்தது. பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரியாவில் 15 மருத்துவமனைகள். மேலே மிதப்பவர்களுக்கு மட்டும் தெரியும்படி உயரப் பலகைகளில் படங்களை வைத்தார்கள். யாரும் அவற்றைப் பார்த்ததாகச் சொல்லவில்லை. ஒருவர் அறையில் நடந்ததைச் சரியாகச் சொன்னார் என்பதையும் மறைக்கக்கூடாது. ஆனால் அவருக்கு இதயம் நின்ற இடத்தில் பலகை இல்லை. அதை வைத்து ஆவி உண்டு என்று தீர்ப்பு எழுத முடியாது.

இந்த வியாபாரத்தில் நம் சென்னைக்கும் பங்குண்டு. பிளாவட்ஸ்கியும் ஆல்காட்டும் 1882இல் பிரம்மஞான சபையின் தலைமையகத்தை அடையாறுக்குக் கொண்டுவந்தார்கள். இமயமலை மகாத்மாக்களின் கடிதங்கள் அங்கே ஒரு பெட்டகத்தில் தானாக வந்து விழுவதாகச் சொல்லப்பட்டது. லண்டன் உளவியல் ஆய்வுக் கழகம் அனுப்பிய ஹாட்சன் விசாரித்து, இதெல்லாம் மோசடி என்று 1885இல் அறிக்கை கொடுத்தார். அந்த அறிக்கையிலும் ஓட்டைகள் உண்டு என்று 1986இல் அதே கழகத்தின் இதழிலேயே எழுதினார்கள். அந்தச் சண்டை நமக்கு வேண்டாம். அதே ஆல்காட்தான் 1894இல் நம் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கினார். 1898இல் அயோத்திதாசப் பண்டிதர் அதே ஆல்காட்டின் துணையோடு இலங்கைக்குப் போய்ப் பஞ்சசீலம் ஏற்றார். மகாத்மா கடிதத்தால் எந்தச் சேரியிலும் அடுப்பு எரியவில்லை. பள்ளிக்கூடம் எழுத்தைக் கொடுத்தது. எதை எடுப்பது, எதை விடுவது என்று நம் முன்னோருக்குத் தெரிந்திருந்தது.

கூடுவிட்டுக் கூடு பாய்தல் நம் கதைகளிலும் உண்டு. கயிலாயத்திலிருந்து வந்த யோகி, சாத்தனூரில் செத்துக் கிடந்த மூலன் என்ற இடையரின் உடம்பில் புகுந்து திருமூலர் ஆனார் என்கிறது பெரியபுராணம். பசுக்கள் அழுததால் புகுந்தாராம். சாயந்தரம் மூலனின் மனைவி வந்து தொடப்போனால், உனக்கும் எனக்கும் உறவில்லை என்கிறார். மாடு மேய்த்த உடம்பு யோகிக்கு வேண்டும், அந்த உடம்பைக் கட்டிக்கொண்டவள் வேண்டாம். இந்தக் கதையை யோகியின் பக்கமிருந்தே படித்துப் பழகியிருக்கிறோம். ஒருமுறை அந்த அம்மாவின் பக்கமிருந்து படித்துப் பாருங்கள்.

அம்பேத்கர் இதைத் தெளிவாகப் பார்த்தார். அவர் மறைவுக்குப் பின் 1957இல் வந்த 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில், எது தம்மம் அல்ல என்று சொல்லும் இடத்தில் ஆன்மா நம்பிக்கையையும் சேர்த்திருக்கிறார். ஆன்மா என்று ஒன்றை வைத்தால் அதற்கு முற்பிறவி வரும், கர்மம் வரும். அப்புறம் அடித்தவன் குற்றவாளி இல்லை, அடிபட்டவன்தான் பழைய கடன்காரன். என் குரு சொன்னது இதைத்தானே.

கடைசியாக ஸ்டேஷனுக்குத் திரும்புகிறேன். கேஸை நான் விடவில்லை. காலம் கடந்து ஆர்.டி.ஓ. விசாரணை நடந்தது. எங்களை அந்த அறைக்கே அழைத்துப் போனார்கள். மூலையில் பீரோ இல்லை. சுவரோடு கட்டிய அலமாரி, கூரைவரைக்கும் போகிறது. அதன்மேல் மூட்டை வைக்க இடமே கிடையாது. எத்தனை பேர் அடித்தார்கள் என்று கேட்டார்கள். நான்கு என்றேன். என்னோடு அடிபட்ட நண்பன் மூன்று பேர் என்றான். ஒருத்தன் சட்டையில் இருந்த நம்பரைச் சொன்னான். எந்தக் கையால் லத்தி பிடித்தான் என்று சொன்னான். டூட்டிப் பதிவேட்டோடு ஒத்துவந்தது அவன் சொன்னதுதான். நான் மேலே போயிருந்த நேரத்தில் அவன் கீழே, வலிக்குள்ளேயே கிடந்து, எண்ணிக்கொண்டிருந்திருக்கிறான். ஒரே ஒருத்தருக்குத் தண்டனை கிடைத்தது, அதுவும் இடமாற்றம். அதுவாவது கிடைத்தது அவன் சாட்சியத்தால்.

மேலே போனதற்காக நான் வெட்கப்படவில்லை. தாங்க முடியாத வலியிலிருந்து என் மூளை என்னைக் காப்பாற்றிய வழி அது. உங்களில் யாருக்காவது அப்படி நடந்திருந்தால் மறைக்காதீர்கள். டாக்டரிடம் சொல்லுங்கள், வக்கீலிடம் சொல்லுங்கள், கூட இருந்தவர்கள் பார்த்ததோடு ஒத்துப் பாருங்கள். ஆனால் அதற்குப் பூர்வ புண்ணியம் என்று பேர் வைத்து யாராவது உங்களிடமிருந்து கேஸை வாங்கப் பார்த்தால் கொடுத்துவிடாதீர்கள். அடிபட்டது நாம்தான்.

அந்த நண்பன் இப்போதும் ஊரில்தான் இருக்கிறான். அந்த நம்பர் அவனுக்கு இன்னும் மனப்பாடம்.