நண்டுக் குஞ்சு வரும் வழி
(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)

கடன் வாங்கித் தண்ணி நண்டைக் கொழுக்க வைத்து விற்கிறோம். அந்த நண்டு பழவேற்காடு ஏரிக்குள்ளே எப்படி வந்துச்சுன்னு நாம ஒருநாளும் கேட்டதில்லை.

பச்சை நண்டு வளர்வது ஏரியில். ஆனா சினைப் பெட்டை முட்டை பொரிக்கக் கடலுக்குப் போயிடும். வயிற்று மடலுக்கு அடியில் 10 லட்சத்துக்கும் மேலே முட்டை இருக்கும். முதலில் ஆரஞ்சு நிறம். கறுத்தால் பொரிக்கப் போகுதுன்னு அர்த்தம். பொரிந்த குஞ்சு நண்டு மாதிரியே இருக்காது. கண்ணுக்குப் புள்ளியாத் தெரியும், கடல் தண்ணியில் மிதக்கும். உப்பு குறைந்தால் செத்துப்போகும். 5 பருவம் தாண்டி, சின்னக் கொடுக்கு முளைக்க ஏறக்குறைய 3 வாரம் ஆகும். அப்புறம்தான் உள்ளே வரப் பார்க்கும்.

எதிர்நீச்சல் போட அதுக்கு ஏது பலம்? பல வகை நண்டுக் குஞ்சுகள் ஓதம் ஏறும்போது மேலே எழும்பித் தண்ணியோடு உள்ளே வரும்; வற்றும்போது அடியில் படுத்துக்கொள்ளும். பாசி, வேர், சேறு கிடைத்த இடத்தில் தோல் உரித்து நண்டாகும்.

முகத்துவாரத்தை மணல் மூடினால் குஞ்சு வெளியிலேயே நின்றுபோகும். ஆகவே அது ஆம்பளைங்க படகு விவகாரம் மட்டும் இல்லை, நம்ம கடன் தவணை விவகாரமும்தான்.

இன்னொன்று, சொல்லக் கூச்சமா இருக்கு. வெளியே முட்டை ஒட்டியிருந்த நண்டை நாமும் சுரண்டிட்டு எடை போட்டிருக்கோம். இனி அதை முகத்துவாரத்துக்கு வெளியே கடலில் விடணும். ஏரிக்குள் விட்டால் மழைக்காலத்தில் குஞ்சு பிழைக்காது. விட்ட நண்டின் விலையைக் குழுவே பகிர்ந்துக்கலாமா என்று அடுத்த கூட்டத்தில் பேசி முடிவெடுப்போம்.