ஏக்கம் ஒரு சாட்சி இல்ல

இன்னைக்கு ஒரே ஒரு கேள்விதான். "அவன் எப்படிப்பட்டவன்னு தெரிஞ்சுதான் விட்டுட்டு வந்தேன். நாலு மாசம் ஆச்சு. அப்புறமும் ஏன் மனசு அவனையே தேடுது?"

ஒசூர்ல ஒரு பொண்ணைக் கற்பனை பண்ணிக்குவோம். சிப்காட்ல வேலை, ஹாஸ்டல்ல ஆறு பேருக்கு ஒரு ரூம், சொந்த ஊர் தருமபுரி பக்கம். அத்திப்பள்ளி தாண்டி வேலை பார்க்கிற ஒருத்தனோட காதல். ஆரம்பத்துல அவ்வளவு அக்கறை. அப்புறம் லைவ் லொகேஷன் கேட்டான். அப்புறம் ஏடிஎம் கார்டு. பத்து மணிக்கு ஷிப்ட் முடிச்சு வந்தா, "ஒன்பதுக்கே வெளிய வந்துட்ட, பொய் சொல்ற"ன்னு சண்டை. இவ அழுவா. மறுநாள் அவன் பிரியாணியோட ஹாஸ்டல் வாசல்ல நிப்பான்.

இப்படியே ஒரு வருஷம் போனா என்ன ஆகும்? "ஒருவேளை நான்தான் தப்பா சொல்றேனோ"ன்னு அவளுக்கே சந்தேகம் வந்துடும். இதைத்தான் கேஸ்லைட்டிங்னு சொல்றோம். பேட்ரிக் ஹாமில்டன் 1938-ல எழுதின ஒரு நாடகத்துல இருந்து வந்த பேரு இது. விளக்கு மங்குறதை மனைவி கண்ணால பார்க்கிறா. அவளுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு நம்ப வைக்கப் பார்க்கிறான் புருஷன்.

சரி, ஏக்கத்துக்கு வருவோம். தினமும் அடி மட்டும் விழுந்தா மனசு சீக்கிரம் வெறுத்துடும். ஒருநாள் அடி, ஒருநாள் அன்பு, எது எப்போன்னு தெரியாதுன்னா, அடுத்த அன்புக்காகக் காத்துக்கிட்டே இருக்கும். டட்டன், பெயின்டர்னு ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் 1993-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. கொடுமையான உறவை விட்டு வெளிய வந்த 75 பெண்கள். ஆறு மாசம் கழிச்சுப் பார்த்தா, அந்தப் பிடிப்பு சராசரியா 27 சதவீதம்தான் குறைஞ்சிருந்தது.

அதனால, நாலு மாசத்துல மறக்கலைன்னா நீங்க பலவீனமானவங்கன்னு அர்த்தம் இல்ல. முக்கியமா, ஏக்கமா இருக்குங்கிறது அவன் நல்லவன்கிறதுக்குச் சாட்சி இல்ல. திரும்பிப் போறதுக்கான காரணமும் இல்ல.

அப்போ எதை நம்புறது? நடந்ததை நம்புங்க. அந்தப் பொண்ணு ஒருநாள் அட்டெண்டன்ஸ் பதிவை எடுத்துப் பார்க்கிறான்னு வைங்க. அவுட் பஞ்ச், ராத்திரி 10.04. அவ ஞாபகம் சரி. பொய் சொன்னது அவ இல்ல! குணமாகிறது இந்த மாதிரி சின்ன இடத்துலதான் தொடங்குது. நடந்த பத்து விஷயத்தைத் தேதியோட எழுதி வைங்க. ஏக்கம் வர்ற ராத்திரி அதைப் படிங்க. "கடைசியா ஒரு தடவை பேசிக்கலாம்"னு அவன் கூப்பிட்டா போகாதீங்க. பேச்சுலதானே நீங்க எப்பவும் தோத்தீங்க? லொகேஷனை நிறுத்துங்க, பின் நம்பரை மாத்துங்க. ரூம்மேட் ஒருத்தர்கிட்டயாவது முழுசா சொல்லுங்க. பெத்தவங்ககிட்ட சொல்ல முடியாம காதலை மறைச்சு வெச்சதுதான் அவனுக்கு வசதியா இருந்தது.

சட்டத்தையும் தெரிஞ்சுக்கோங்க. 2005-ம் வருஷத்து குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்துல மனரீதியான, பணரீதியான கொடுமையும் வன்முறைதான். கல்யாணம் ஆகாம, கணவன் மனைவி மாதிரி ஒரே வீட்ல வாழ்ந்தவங்களுக்கும் அது பொருந்தும். கூட வாழலைன்னாலும், வேண்டாம்னு சொன்ன பிறகும் பின்தொடர்ந்தா அது குற்றம். பெண்களுக்கான உதவி எண் 181. மனசுக்குப் பேச டெலி மானஸ், 14416. பசங்களும் கூப்பிடலாம், அவங்களுக்கும் இது நடக்குது.

இன்னைக்கு ராத்திரியும் ஞாபகம் வரும். வரட்டும். போனை எடுத்து அவனுக்கு டைப் பண்றதுக்கு முன்னாடி, அந்தப் பத்து வரியைப் படிச்சுட்டுத் தூங்குங்க. அடுத்த வாரம் பேசலாம்.