கண்காட்சியில் வாங்கிய கன்று

(சிறுமலை வாழை விவசாயி ஒருவர் திண்டுக்கல்லில் விவசாயிகள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

சிறுமலையிலிருந்து 18 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி வந்திருக்கிறேன். எங்கள் வாழைத்தாரும் இதே பாதையில்தான் திண்டுக்கல்லுக்கு வருது. தோட்டத்திலிருந்து ரோடு வரைக்கும் குதிரை முதுகில், அதுக்கப்புறம் வண்டியில்.

வேளாண் கண்காட்சி நடத்துகிறவர்கள் ஆண்டுக்கு ஒரு தடவை ஒன்றாகக் கூடிப் பேசணும்னு நம்ம பக்கத்தில் ஒரு யோசனை ஓடிக்கிட்டிருக்கு. நல்ல யோசனை. அமெரிக்காவில் 1885லேயே சில கண்காட்சிக்காரர்கள் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். இன்றைக்கும் அந்தச் சங்கம் ஆண்டு மாநாடு நடத்துது. நம்ம ஊரிலும் கண்காட்சிக்குக் குறைவில்லை. 2023 ஜூலை 27 முதல் மூன்று நாள் திருச்சியில் ‘வேளாண் சங்கமம்’ நடந்தது. மாவட்டங்களிலும் அவ்வப்போது நடக்குது.

அப்படிக் கூடும்போது பந்தல், அரங்கு வாடகை, வண்டி நிறுத்த இடம் எல்லாம் பேசுவார்கள். பேசட்டும். என் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: கண்காட்சியில் விற்கிற கன்றுக்கு யார் பொறுப்பு?

ஏன் கேட்கிறேன்னு சொல்றேன். சில வருடம் முன்னாடி ஒரு கண்காட்சிக்குப் போனேன். ஒரு கடையில் வாழைக்கன்று குவிச்சு வச்சிருந்தாங்க. பார்க்கத் தளதளன்னு இருந்துச்சு. விலையும் குறைவு. ஐம்பது கன்று வாங்கினேன். ரசீது கேட்கலை, எந்த ஊர்க் கன்றுன்னும் கேட்கலை. நட்டு சில மாதத்தில் இலையெல்லாம் குறுகி, விறைப்பாக மேல்நோக்கி, உச்சியில் கொத்தாகக் கூடிப்போச்சு. காம்பில் கரும்பச்சைக் கோடும் புள்ளியும். எங்க அப்பா பார்த்துட்டு ஒண்ணும் பேசலை. கடப்பாரையை எடுத்துட்டு வந்தார்.

அதுதான் முடிக்கொத்து நோய். வைரஸால் வருவது. வந்த மரத்தைக் குணப்படுத்த மருந்து கிடையாது. தார் போடாது, போட்டாலும் விலை போகாது. நோய் ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்கு அசுவினிப் பூச்சியால் பரவும். ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு? நம்ம கையால்தான் போகுது, நோயுள்ள கன்று வழியாக. வெளியில் நல்லாத் தெரிகிற கன்றுக்குள்ளும் அது இருக்கலாம். என் ஐம்பது கன்றோடு, பக்கத்தில் அப்பா வைத்த பழைய வாழையும் போச்சு.

இது என் ஒருத்தன் கதை இல்லை. கீழ்ப்பழனி மலையிலும் சிறுமலையிலும் 1970களில் சுமார் 18,000 ஹெக்டேரில் மலைவாழை இருந்தது. இந்த நோயால் அது 2,000 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கியது. எங்கள் மலையில் வாழையை வருடா வருடம் புதுசாக நடுறதில்லை. காப்பிக்கும் நிழல் மரத்துக்கும் நடுவே வைத்தால் கட்டையிலிருந்து கன்று, கன்றிலிருந்து தார் என்று வருடக்கணக்கில் ஓடும். அதனால் ஒரு தடவை நோய் புகுந்தால் ஒரு பருவத்தோடு முடியாது.

திரும்ப வழி காட்டியது ஆராய்ச்சிதான். வேளாண் பல்கலைக்கழகமும், 1993ல் திருச்சியில் தொடங்கிய தேசிய வாழை ஆராய்ச்சி மையமும் வைரஸ் இல்லாத மலைவாழைக் கன்றுகளைத் திசு வளர்ப்பில் உருவாக்க உதவின. ஒன்றை மட்டும் மனசில் வையுங்க. திசு வளர்ப்பு என்று போர்டு வைத்தாலே நோய் இல்லைன்னு அர்த்தம் இல்லை. தாய்மரத்தை வைரஸ் பரிசோதனை செய்து எடுத்திருக்கணும்.

அதனால் கண்காட்சி நடத்துகிறவர்களிடம் மூன்று விஷயம் கேட்கிறேன். ஒன்று, கன்று விற்க வருகிறவரிடம் நாற்றுப்பண்ணை உரிமத்தையும், திசு வளர்ப்புக் கன்று என்றால் பரிசோதனைச் சான்றையும் பார்த்த பிறகே இடம் கொடுங்க. இரண்டு, ஊர், தேதி, விற்றவர் பெயர் போட்ட ரசீது இல்லாமல் ஒரு கன்றும் வெளியே போகக் கூடாது. மூன்று, வாசலிலேயே நோய் வந்த வாழையின் பெரிய படம் ஒன்று வையுங்க. நூறு துண்டுப்பிரசுரம் செய்யாததை அந்தப் படம் செய்யும்.

பழம் விற்கும் கடைக்கும் ஒரு சொல். சிறுமலை வாழைக்கும் விருப்பாச்சி வாழைக்கும் 2008-09ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு ஊர்ப் பழத்துக்கு ‘சிறுமலை’ என்று அட்டை எழுதுவது அந்தக் குறியீட்டுக்கு விரோதம். ஆனால் குறியீடு இருந்தால் மட்டும் போதாது. விளைவிக்கிற நாமும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதியணும். 2020ல் விதியைத் திருத்தி, அந்தக் கட்டணத்தை 500 ரூபாயிலிருந்து 10 ரூபாயாகக் குறைத்தார்கள். பதிவகம் சென்னை கிண்டியில்தான் இருக்கு. டீ குடிக்கிற காசு. கண்காட்சியில் இதற்கென்று ஒரு மேசை போட்டு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தால், எத்தனையோ பேர் அங்கேயே முடிச்சுட்டுப் போவாங்க.

இப்போ உங்ககிட்ட, போன் கையில் வைத்திருக்கிறவங்ககிட்ட. கண்காட்சியில் செல்பி எடுக்கிறோம், தப்பில்லை. அதோடு கன்றுக் கட்டில் இருக்கிற சீட்டையும் ரசீதையும் ஒரு படம் எடுங்க. பின்னாடி கேள்வி கேட்க அதுதான் ஆதாரம். 2018ல் வந்த ‘உழவன்’ செயலியை இறக்கி வையுங்க. தமிழிலேயே மானியத் திட்டம், சந்தை விலை, வானிலை எல்லாம் இருக்கு. உங்க பகுதி அலுவலர் எப்போ வருவார் என்பதும் தெரியும். வாழையில் சந்தேகமாக ஒரு இலை தெரிந்தால் அவரிடம் படத்தைக் காட்டுங்க. இல்லைன்னா 1800-180-1551 கிசான் கால் சென்டர், கட்டணம் கிடையாது, தமிழில் பேசலாம். நோய்னு உறுதியானால் தயங்காதீங்க. முதலில் அசுவினிக்கு மருந்தடிச்சு, பிறகு கட்டையோடு தோண்டி அழிச்சுடுங்க. ஒரு மரத்துக்கு இரக்கப்பட்டால் தோட்டமே போயிரும்.

நான் அன்றைக்கு விலையைக் கேட்டேன். ஊரைக் கேட்கலை. அடுத்த கண்காட்சியில் நீங்க முதலில் ஊரைக் கேளுங்க, அப்புறம் விலையைக் கேளுங்க. வாங்குகிறவர்கள் கேட்க ஆரம்பித்தால், நடத்துகிறவர்களும் விற்கிறவர்களும் பதில் வச்சிருப்பாங்க.