கருவியையும் நாமே செய்வோம்

(நமது அறக்கட்டளையின் தச்சுப் பயிற்சி வகுப்பு நிறைவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)





எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. நபி ஸகரிய்யா (அலை) அவர்கள் தச்சராக இருந்தார்கள் என்பது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. நபி நூஹ் (அலை) அவர்கள் இறைக் கட்டளைப்படி கப்பல் கட்டிய வரலாற்றைக் குர்ஆன் சொல்கிறது. ஆகவே இத்தொழிலின் கண்ணியத்தை நாம் விரித்துரைக்கத் தேவையில்லை. இன்று பேச வந்தது ஒரு சிறிய சாதனத்தைப் பற்றி: பட்டறை மேசையில் பலகையை இறுக்கிப் பிடிக்கும் வைஸ்.

தொழில் கற்ற பிள்ளை சொந்தமாக வேலை எடுக்காமல் நாள்கூலிக்குப் போகிறான் என்றால், பெரும்பாலும் திறமைக் குறைவால் அல்ல. வீட்டில் பட்டறை இல்லாததால்தான். தரையில் உட்கார்ந்து பாதத்தால் மரத்தை அழுத்திக்கொண்டு உளி பிடிக்கலாம். நம் முன்னோர் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் வைஸ் இருந்தால் இரண்டு கையும் வேலைக்கு வரும். காலுக்கும் முதுகுக்கும் பாதுகாப்பு.

"இரும்பு வைஸ் வாங்கிக் கொடுத்துவிடலாமே?" என்று நிர்வாகக் குழுவிலேயே கேட்டார்கள். நியாயமான கேள்வி. வசதியுள்ளவர்கள் வாங்கட்டும். ஆனால் அந்தத் தொகை மிஞ்சினால் ஒரு பிள்ளைக்கு நல்ல உளிகளும் இழைப்புளியும் கிடைக்கும். மர வைஸ் பழுதானால் செய்தவனே சரிசெய்துகொள்வான். இரும்பு வேலைக்கு அது உதவாது. மர வேலைக்குத் தாராளமாகப் போதும்.

செய்முறையைச் சுருக்கமாகச் சொல்கிறோம். பூவரசு, கருவேலம் போன்ற இழை நெருங்கிய, நன்கு உலர்ந்த மரமாக இருக்கட்டும். முடிச்சும் வெடிப்பும் கூடாது. கடைசல் பட்டறையில் 50 மி.மீ. விட்டத்தில் உருளையாகக் கடைந்து வாங்குங்கள். அதன் சுற்றளவு 157 மி.மீ. அதே அகலத்தில் ஒரு காகிதம் வெட்டி, இரு ஓரங்களிலும் கீழிருந்து மேலாக 12 மி.மீ.க்கு ஒரு புள்ளி வையுங்கள். இடப்பக்கத்து முதல் புள்ளியை வலப்பக்கத்து இரண்டாம் புள்ளியோடு, இரண்டாவதை மூன்றாவதோடு என்று சாய்கோடுகளாக இணையுங்கள். கோடுகள் வெளியே தெரியும்படி காகிதத்தை உருளையில் சுற்றி ஒட்டினால், எல்லாக் கோடுகளும் சேர்ந்து ஒரே சுருள் கோடாகிவிடும். அதுதான் மரையின் பள்ளம்.

ரம்பத்தின் பக்கத்தில் ஒரு கட்டையைப் பொருத்தி, 5 மி.மீ.க்கு மேல் இறங்காதபடி செய்துகொண்டு அக்கோட்டின் வழியே அறுங்கள். பிறகு இருபுறமும் உளியால் சாய்வாகச் செதுக்கி, முக்கோண அரத்தால் சீராக்குங்கள். மரையின் உச்சியில் 2 மி.மீ. தட்டையாக விட வேண்டும். கூராக விட்டால் உதிர்ந்துவிடும்.

நட்டுதான் கடினம். 75 மி.மீ. கனமுள்ள கட்டையில், மர இழைக்குக் குறுக்காக 42 மி.மீ. துளை போடுங்கள். இழையின் நீளவாக்கில் போட்டால் உள்மரை நிற்காது. அத்துளையில் ஆட்டமின்றி நுழையும் ஒன்றரை அடி உருளை ஒன்றில், முன்போலவே காகிதம் சுற்றிச் சுருள் கோடு அறுங்கள். உருளை மெலிந்ததால் காகிதத்தின் அகலம் குறையும், 12 மி.மீ. மட்டும் மாறவே கூடாது. அதே அளவு துளையுள்ள இன்னொரு கட்டையை நட்டின் மேல் இறுக்கிக் கட்டி, அதில் பொருத்திய தகடு உருளையின் சுருள் வெட்டுக்குள் இருக்கும்படி செய்யுங்கள். உருளையின் முனையில் கூர் தீட்டிய எஃகுத் துண்டு. உருளையைத் திருகினால் தகடு வழிகாட்ட, எஃகு உள்ளே மரை கீறிச் செல்லும். ஒவ்வொரு முறையும் எஃகின் அடியில் ஒரு காகிதத் துண்டு வைத்துச் சிறிது உயர்த்துங்கள். அவசரப்பட்டால் மரம் பிய்ந்துவிடும்.

முடிந்ததும் மெழுகு தடவுங்கள். 15 செ.மீ. கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் கை 94 செ.மீ. நகரும், திருகு 12 மி.மீ. மட்டுமே நகரும். ஏறத்தாழ 78 மடங்கு. உராய்வு அதில் பெரும்பகுதியைத் தின்றாலும், மிஞ்சும் பிடியே பலகைக்குப் போதுமானது.

இம்முறை நாம் புதிதாகக் கண்டது அல்ல. அலெக்சாந்திரியாவின் ஹீரோன், எண்ணெயும் திராட்சைச் சாறும் பிழியும் திருகுப் பொறிகளைப் பற்றி எழுதும்போது, நட்டுக்குள் மரை வெட்டும் இத்தகைய கருவியையும் விவரித்தார். அந்நூலின் கிரேக்க மூலம் சில துண்டுகள் தவிர அழிந்துவிட்டது. 9ஆம் நூற்றாண்டில், அப்பாஸிய கலீஃபா அல்-முஸ்தஈன் காலத்தில், பஅல்பக்கைச் சேர்ந்த கிறிஸ்தவ அறிஞர் குஸ்தா இப்னு லூக்கா செய்த அரபி மொழிபெயர்ப்பால்தான் அது இன்று நமக்குக் கிடைக்கிறது. எண்ணெய் பிழிபவனுக்கும் தச்சனுக்கும் உரிய அறிவை, காப்பாற்றத் தகுந்த கல்வியாக அன்றைய பக்தாத் மதித்தது. நாம் மட்டும் அதைக் கூலிக்காரன் சங்கதி என்று ஒதுக்கலாமா?

இனி நம் ஏற்பாடு. தகுதியுள்ள பிள்ளைகளுக்கு ஜகாத் நிதியிலிருந்து உளி, ரம்பம், இழைப்புளி தருகிறோம். ஜகாத் பெறுபவரின் உடைமையாக வேண்டும் என்பதால் அவை இரவல் அல்ல, அவர்களுக்கே சொந்தம். நட்டு மரை வெட்டும் உருளையும் வழிகாட்டிக் கட்டையும் பொதுவில் இருக்க வேண்டியவை. ஆகவே அவற்றை ஸதகா நிதியில் செய்து வகுப்பிலேயே வைக்கிறோம். யாரும் வந்து தம் நட்டை வெட்டிச் செல்லலாம்.

ஜமாஅத்தாரிடம் இரண்டு வேண்டுகோள். பழைய வீடு பிரிக்கும்போது நல்ல உத்திரம், தூண் கிடைத்தால் விறகுக்குப் போடாமல் நமக்குத் தெரிவியுங்கள். அனுபவமுள்ள ஆசாரிமார்கள், எந்தச் சமயத்தவராயினும், மாதம் ஒரு ஞாயிறு வந்து பிள்ளைகளுக்குக் கைப்பழக்கம் சொல்லிக் கொடுங்கள்.

தம்பிகளே, உங்கள் வைஸ் முதல் முறை சரியாக அமையாமல் போகலாம். இரண்டாவது திருகு கடையுங்கள். மரம் நாங்கள் தருகிறோம். உங்கள் உழைப்பில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.