வில்லங்கம் எந்த எண்ணுக்குப் போடுவது?



சாத்தான்குளம் பக்கம் தேரியை ஒட்டி ஓர் இடம் விலைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். செம்மண், நாலைந்து பனை, ஒரு கிணறு. விற்பவர் காட்டும் பட்டாவில் சர்வே எண் 245/2ஏ1. வாங்குபவர் அந்த எண்ணையே கொடுத்து வில்லங்கம் போட்டுப் பார்க்கிறார். ஒரே ஒரு கிரயம் வருகிறது. சொத்தில் வில்லங்கமில்லை என்று முன்பணமும் கொடுத்துவிடுகிறார்.

அவசரப்பட்டுவிட்டார். தாத்தா காலத்தில் அது முழு 245. பிள்ளைகள் பாகம் பிரித்தபோது 245/1, 245/2 ஆனது. ஒருவர் தம் பங்கில் பாதியை விற்க, 2ஏ, 2பி. அதிலும் ஒரு துண்டு கைமாறியபோதுதான் 2ஏ1 என்ற எண்ணே வந்தது. தாத்தா முழு நிலத்தையும் அடமானம் வைத்திருந்தால், அது 245 என்ற எண்ணில்தான் பதிவாகியிருக்கும். உட்பிரிவை மட்டும் கொடுத்துத் தேடுகிறவர் கண்ணில் அது படாமலே போகலாம்.

வில்லங்கச் சான்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர், கைமாற்றுத் தொகை என்று போகும் விவரங்களுக்கு நடுவே ‘முந்தைய ஆவண எண்’ என்று ஒன்று இருக்கும். பலர் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். என்னைக் கேட்டால் அந்தத் தாளிலேயே முக்கியமான இடம் அதுதான். இந்தக் கிரயம் எந்தப் பத்திரத்தின் வழியாக வந்தது என்பது அங்கே இருக்கிறது. மேல்நோக்கி ஏற அது போதும். கீழ்நோக்கி இறங்குவதுதான் சிரமம். அந்த முந்தைய பத்திரத்தை, அதாவது தாய்ப்பத்திரத்தைப் படித்தாலும், அதற்குப் பிறகு யார் யாருக்கு எத்தனை சென்ட் போனது என்று தெரியாது. அதை எழுதும்போது அந்த விற்பனைகளே நடக்கவில்லையே!

கணினிக்காரர்களுக்கும் இதே பாடுதான். 2010-இல் வெளிவந்த எலாஸ்டிக்சர்ச் என்ற தேடுபொறியில் தாய், பிள்ளை என்று ஆவணங்களை உறவாக்கி வைக்கலாம். பிள்ளை தன் தாயின் அடையாள எண்ணைச் சுமந்திருக்கும். தாயிடம் பிள்ளைகளின் பட்டியல் கிடையாது. ஆகவே இரண்டு விதமாகக் கேட்க வேண்டும். இப்படிப்பட்ட பிள்ளை உள்ள தாய் எது? இப்படிப்பட்ட தாய்க்குப் பிறந்த பிள்ளைகள் எவை? புதிதாக ஒரு பிள்ளை சேர்ந்தால் தாயைத் தொட வேண்டியதில்லை, அது லாபம். தேடல் மெதுவாகும், அது நஷ்டம். அதோடு ஒரு கட்டாயமும் உண்டு: தாயையும் பிள்ளையையும் சேமிப்பின் ஒரே பகுதியில்தான் வைக்க வேண்டும். பிரித்து வைத்தால் உறவு அறுந்துவிடும்.

நிலத்துக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. கிராமம் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறியிருக்கலாம். சாத்தான்குளம் இருக்கும் தூத்துக்குடி தனி மாவட்டமானது 1986 அக்டோபரில். அதற்கு முந்தைய பத்திரத்தில் திருநெல்வேலி மாவட்டம் என்றுதான் இருக்கும். ஒரே பத்திரத்தில் இரண்டு அலுவலக எல்லைக்குட்பட்ட சொத்துகள் இருந்தால், பதிவு செய்த அலுவலகம் மற்றதற்குக் குறிப்பு அனுப்ப வேண்டும் என்று 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 64-ஆம் பிரிவு சொல்கிறது. கணினி வருவதற்கு எவ்வளவோ காலம் முன்பே இதை யோசித்து வைத்திருக்கிறார்கள். பெயருக்கு ஓர் அட்டவணை, சொத்துக்கு ஓர் அட்டவணை என்று தனித்தனியாக எழுதச் சொன்னதும் அதே சட்டம்தான்.

பதிவுத் துறையின் இணையதளத்தில் ஒரே மனுவில் பல சர்வே எண்களைச் சேர்க்கலாம். அதனால் 2ஏ1-ஐக் கொடுக்கும்போது 2ஏ, 2, முழு 245 எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுங்கள். எந்த ஆண்டு முதல் விவரம் கிடைக்கும் என்பது அலுவலகத்துக்கு அலுவலகம் மாறும். அதற்கும் முந்தையதை அலுவலகத்தில் மனுப் போட்டுத்தான் வாங்க வேண்டும். முந்தைய ஆவண எண்ணைப் பிடித்துக்கொண்டு தாய்ப்பத்திரத்தின் நகலையும் வாங்குங்கள். பதிவான சொத்துப் பத்திரத்தின் நகலை யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டிப் பெறலாம்.

வாய்மொழியாகப் பிரித்த பாகமும் பதியாத உயிலும் எந்தத் தேடலிலும் வராது. அதற்குப் பக்கத்து நிலத்துக்காரரைத்தான் விசாரிக்க வேண்டும். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள்.